சித்திரைப் பறுவ விரதம்

அருச்சனைத் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யதுர்ஷிகா கோயில் வாசலை நோக்கி ஓடினாள். பின்னால் சைக்கிள் மணி அலறியது.

"நில்லு பிள்ளை! நில்லெண்டு சொல்லுறனெல்லே!"

அப்பா பரமேஸ்வரன்தான். சைக்கிளை வேலியில் சாயவிட்டுப் பாய்ந்து வந்தார், தட்டைப் பற்றினார். தேங்காய் மண்ணில் உருண்டது.

"விடுங்கப்பா! அருச்சனைக்கு ஐயர் எங்கம்மா பேரு கேக்குறாரு. நான் போகணும்."

"வீட்டை வா. இந்த விரதம் உனக்கு வேண்டாம்."

கண்டாவளைக்கு வந்து நாலு மாதம். தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவளுக்குச் சொந்த ஊரே வெளிநாடாகிவிட்டது. 'ஆமா' என்றால் கடைக்காரர் சிரித்தார். வெறும் தேத்தண்ணியோடு கையில் சீனியைக் கொடுத்தார்கள். கடித்துக் குடிக்கத் தெரியாமல் அதைக் கோப்பைக்குள் கொட்டிக் கலக்கினாள். சாம்பார் தேடிய நாக்கு தேங்காய்ப்பால் சொதிக்கு மடங்கிவிட்டது.

இன்றைய நாள்தான் அவளை உலுக்கியது. அங்கே சித்திரா பௌர்ணமி என்றால் திருவிழா, ராட்டினம், பலூன். இங்கே அதே பௌர்ணமி, சித்திரைப் பறுவம், தாயை இழந்தவர்களின் விரத நாள். கோயில் முன்றலில் கஞ்சிக் கிடாரம் கொதித்தது. நரைத்த தலைகள்கூடத் தாயில்லாப் பிள்ளைகளாய்ப் பசியோடு நின்றன.

போரில் செல்லடியில் செத்த, முகம் தெரியாத அம்மாவுக்குச் செய்ய அவளுக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. அதையும் பிடுங்குவதா?

பக்கத்து வீட்டு இராசேஸ்வரி மாமி அகப்பையும் கையுமாய் வந்தாள்.

"என்ன பரமேசு, இந்தியாச் சோறு புத்தியையும் கரைச்சுப் போட்டுதோ? தாய் செத்த பிள்ளை விரதம் பிடிக்காமல் வேற ஆர் பிடிக்கிறது? தாய் உயிரோட இருந்தால்தானே பிடிக்கக்கூடாது. பிடிச்சால் தாய்க்குத்தான் கூடாது."

 அப்பாவின் கை தட்டை விடவில்லை.

யதுர்ஷிகா அந்தக் கையைப் பார்த்தாள். முகாமில் ஒரு வருடமாவது அம்மாவுக்குத் திவசம் கொடுத்தாரா? கேட்டபோதெல்லாம், "முகாமில வசதி எங்க பிள்ளை?" என்பார். அடுத்த கூடாரத்துக்காரர்கள் கடனை வாங்கியாவது கொடுத்தார்களே!

"அப்பா, எங்கம்மா எங்க?"

அவர் மண்ணில் கிடந்த தேங்காயைப் பார்த்தார்.

"முல்லைத்தீவில. எனக்கும் அவளுக்கும் ஒத்துவரேல்லை. உனக்கு அப்ப ஒரு வயசு. சொல்லாமல் தூக்கிக்கொண்டு போட் ஏறினனான்."

அகப்பை மாமியின் கையிலிருந்து நழுவியது.

"இத்தனை வருஷமா அவங்க என்னைத் தேடலையா?"

"தேடாமல் இருக்கத்தானே பிள்ளை..." பரமேஸ்வரன் தட்டை விட்டார். "நீ கடல்ல செத்துப்போனாய் எண்டு ஆள் மூலம் சொல்லி விட்டனான். உன்ர குழந்தைப் படத்துக்கு மாலை போட்டு, வருசா வருசம் விளக்குக் கொளுத்துறாளாம்."