பக்குவமாகச் சொல்ல வேண்டிய செய்தி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. ‘பக்குவம்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். வடமொழியில் ‘பக்வ’ என்றால் வெந்தது, பழுத்தது. வேரைத் தோண்டினால் சமையலில் போய் முடிகிறது. நம்மிடம் வந்த பிறகு அது சும்மா இருந்ததா? பாகுக்குப் பக்குவம், சளிக்கு ஒரு பக்குவம், கண்ணாடிச் சாமானைப் பக்குவமாக எடுத்து வை, பையனுக்கு இன்னும் பக்குவம் போதாது. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தையே நடத்திவிடலாம்.

நடத்தினார்கள். அங்கேதான் என் கட்டுரை கெட்டது.

2

அவளை வீட்டில் ‘பெரியவள்’ என்பார்கள். நானும் வேறு பெயர் வைக்கவில்லை. ஒரு பழக்கிடங்கில், காய்களைப் பழுக்கவைக்கும் அறைகளுக்கு அவள் பொறுப்பு. வீட்டில் அவளுக்கு இன்னோர் உத்தியோகம் உண்டு: கெட்ட செய்தி எதுவானாலும் அம்மாவிடம் அவள்தான் கொண்டுபோக வேண்டும். அப்பா போன செய்தி, தங்கையின் கல்யாணம் முறிந்த செய்தி எல்லாமே அவள் வாய்வழியாகத்தான் போயின. “நீதான் பக்குவமா சொல்லுவே” என்று ஒதுங்கிக்கொள்வார்கள். அவள் முதலில் காபி கலந்து கொடுப்பாள். பக்கத்து வீட்டுக் கதை பேசுவாள். அதற்கு நடுவில் செய்தியை மெல்ல வைப்பாள். அம்மா அழுவாள், இவள் தோள் கொடுப்பாள். இவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

இப்போது இவளுக்கே மார்பில் கட்டி. வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை, எடுத்துப் பார்த்தால்தான் எப்படிப்பட்டது என்று தெரியும் என்றுவிட்டார் டாக்டர்.

இதை அம்மாவிடம் யார் சொல்வது?

3

முதல் வரைவு: “அவள் நிதானமாக அம்மாவின் அருகில் உட்கார்ந்து, ‘ஒண்ணுமில்லம்மா, சின்ன...’” (அடித்துவிட்டேன்.)

இரண்டாவது வரைவு: “காபியை ஆற்றிக்கொண்டே அவள் புன்னகையுடன்...” (பழைய குருடி கதவைத் திறடி! வீட்டார் அவள் தலையில் கட்டிய வேலையை நானும் கட்டிக்கொண்டிருந்தேன்.)

[இந்த இடத்தில், ‘பழுத்துவிட்டது என்று முடிவு செய்த பழத்தை யாரும் மறுபடி தொட்டுப் பார்ப்பதில்லை’ என்று ஒரு வரி இருந்தது. ரொம்ப அழகாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டேன். பார்த்தீர்களா, எடுக்கவில்லை.]

மூன்றாவதில் அவளைத் தங்கைக்குப் போன் செய்ய வைத்தேன்.

“ஐயோ அக்கா, எனக்குக் கையெல்லாம் நடுங்குதே!”

“அழாதடி. முதல்ல தண்ணி குடி.”

“அம்மாகிட்ட நீயே பக்குவமா சொல்லிடுக்கா. என்னால முடியாது.”

கட்டி இவளுக்கு, ஆறுதல் அவளுக்கு. எனக்கு வந்த கோபத்தில் பேனாவை மூடி வைத்தேன்.

4

மூடி வைத்த நேரத்தில் ஒருவன் கதைக்குள் நுழைந்தான். கடைசித் தம்பி, மின்சார வேலை பார்ப்பவன், வீட்டில் வைத்த பெயர் ஓட்டைவாய். அவனிடம் எந்த ரகசியமும் சொல்லக்கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். தங்கை அழுகையோடு அழுகையாக உளறிவிட்டாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அம்மா முன்னால் போய் நின்றான்.

“அம்மா, அக்காவுக்கு மார்ல கட்டி. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். சாயங்காலம் வந்து உனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பா. விட்டுடாதே.”

அடப்பாவி! கொஞ்சம் சிரிப்புக்காக மட்டும் உன்னை எங்காவது ஒரு மூலையில் வைக்கலாம் என்றிருந்தேனே.

சாயங்காலம் பெரியவள் வந்தாள். கைகழுவிவிட்டு வழக்கம்போல அடுப்படிக்குப் போனாள். அங்கே அம்மா ஏற்கெனவே காபி கலந்துகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

“உட்காரு.”

“அம்மா, ஒரு விஷயம்...”

“தெரியும். அவன் சொல்லிட்டான்.”

“ஒண்ணுமில்லம்மா, இப்பல்லாம் இதுக்கு நல்ல வைத்தியம்...”

“வாயை மூடுடி. எனக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு எப்படி இருக்கு?”

அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அம்மா நீட்டிய டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“பயமா இருக்கும்மா,” என்றாள்.

அப்புறம் அழுதாள். மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளை மாதிரி, சத்தம் போட்டு அழுதாள். அம்மா அவள் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

ஓட்டைவாய் வாசலில் நின்று கையைப் பிசைந்தான். “நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனாக்கா?”

வீட்டு மனிதர்களுக்கு நன்றி சொல்லும் பழக்கம் நம்மிடம் ஏது? அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “நல்லவேளை நீ பொறந்தேடா.”

நானும் அதையே சொல்கிறேன், தம்பி. நீ வராவிட்டால் நானும் அவளுக்கு ஒரு புன்னகையை மாட்டி அனுப்பியிருப்பேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

5

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன்.

(அ) கட்டி சாதாரணமானது. எல்லோரும்...

(ஆ) டாக்டர் கண்ணாடியைக் கழற்றி...

இரண்டையும் மிகப் பக்குவமாக எழுதியிருந்தேன். அதனாலேயே கிழித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நடந்ததை மட்டும் சொல்கிறேன். நர்ஸ் வந்து, “உள்ள கதவு வரைக்கும் கூட யார் வர்றீங்க?” என்று கேட்டாள். அம்மா, தங்கை, தம்பி மூன்று பேரும் எழுந்தார்கள். ‘எதுக்கு எல்லாரும், நான் பாத்துக்கிறேன்’ என்பாள் என்று காத்திருந்தேன்.

“எல்லாரும் வாங்க,” என்றாள் பெரியவள்.

கதவுக்கு அந்தப் பக்கம் நடந்ததை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். கண் விழித்ததும் அவளை யாருக்கும் ஆறுதல் சொல்ல மட்டும் வைத்துவிடாதீர்கள்.