கிளீனும் ஸ்டெரைலும்

பல் டாக்டருக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு. அந்தத் தைரியத்தில்தான், கிளீன் என்றாலும் ஸ்டெரைல் என்றாலும் ஒன்றுதான் என்று தன் நர்ஸுக்கே பாடம் எடுத்தார்.

கருவிகளை நீராவியில் வேக வைக்கும் பெட்டியின் ரப்பர் வளையம் கிழிந்து, உள்ளே நீராவி நிற்காமல் போய் மூன்று வாரம். புதுசு வாங்கித் தரச் சொல்லி நர்ஸ் தினமும் கேட்டாள். கண்ணுக்குத் தெரிகிற அழுக்குப் போனால் கிளீன்; தெரியாத கிருமியும் செத்தால்தான் ஸ்டெரைல்; ஒருவர் வாய்க்குள் போன இடுக்கி துடைத்த கையோடு அடுத்தவர் வாய்க்குள் போனால் நோயும் கூடவே போகும் என்றாள். டாக்டர் அவளுக்கு ‘டிக்‌ஷனரி’ என்று பட்டப்பெயர் வைத்தார். ஒரு வளையம் வாங்க மனசு வராத மகராசன், ஸ்பிரிட்டில் துடைத்ததைக் கவரில் போட்டு ‘ஸ்டெரைல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். மாட்டேன் என்றாள். தானே உட்கார்ந்து ஒட்டினார். அந்தச் சுறுசுறுப்பை வேறு எதிலும் அவள் பார்த்ததில்லை.

வேலையை விட்டுப் போகவும் பயமாக இருந்தது. அடுத்து வருகிறவள் வாயை மூடிக்கொண்டு ஒட்டுவாள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்குப் பல்வலி வந்தது. வீங்கிய கன்னத்தோடு தன் நாற்காலியிலேயே சாய்ந்தார். பிடுங்க வந்தவர் கூடப் படித்த நண்பர். நர்ஸ் ஸ்டிக்கர் கவரைப் பிரித்து இடுக்கியைத் தட்டில் வைத்தாள்.

டாக்டர் நண்பரின் கையைப் பிடித்தார். “இது வேணாம்டா. உன் கிளினிக்ல வேக வச்சது இருக்கும்ல, அதைக் கொண்டுவரச் சொல்லு.”

“இது கிளீனாத்தான் இருக்கு டாக்டர்,” என்றாள் நர்ஸ்.

“கிளீன் வேற, ஸ்டெரைல் வேற. உனக்குத் தெரியாதா?” என்று சீறினார்.

மூன்று வாரமாக மண்டையில் ஏறாத பாடம் ஒரே நிமிஷத்தில் மனப்பாடம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அருவருப்பாக இருந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே போனாள். பெஞ்சில் நான்கு பேர் கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.

“டாக்டர் தன் பல்லைப் பிடுங்க வேற கிளினிக்லேருந்து சாமான் வரவழைக்கிறாரு. இங்க இருக்கறது உங்களுக்கு மட்டும்தானாம்,” என்றாள்.

நால்வரும் அவளைப் பார்த்தார்கள், உள்கதவைப் பார்த்தார்கள், எழுந்து படியிறங்கினார்கள்.

அன்று மாலையே அவளுக்குச் சீட்டுக் கிழிந்தது. டாக்டர் அவசரமாக ஆளனுப்பி வாங்கிய ரப்பர் வளையம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அதைப் பெட்டியில் மாட்டிவிட்டுத்தான் போனாள்.