வெறுந்தராசு

அது முப்பத்தெட்டாம் வருஷமா, அதற்கடுத்ததா, நிச்சயமாகத் தெரியவில்லை. மிளகு நன்றாகக் காய்த்த வருஷம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. மற்றதில் எதையாவது நான் மாற்றி வைத்திருந்தாலும் இருக்கலாம்.

மலைமேல் வளப்பூர் நாட்டில், சின்னுசாமியின் பலாமரக் கிளையில் தராசைக் கட்டி மிளகு நிறுக்க வந்திருந்தான் அப்பாஸ் அலி. துறையூர் மிளகு வியாபாரி ராவுத்தரின் மகன். திருச்சியில் காலேஜில் படிப்பவன். மிளகை ஏற்றுமுன் வெறுந்தராசு ஆடி ஓயட்டும் என்று காத்திருந்தார்கள். ஓயவில்லை. ஏன் என்று கேட்டாள் சின்னுசாமியின் மனைவி பாவாயி.

காற்றுதான் என்றவன், தன் வாத்தியார் சொன்ன இன்னொன்றையும் சொன்னான். எங்கோ தொலைவில் பெருங்கனமான நட்சத்திரங்கள் ஜோடி ஜோடியாக ஒன்றையொன்று சுற்றுகின்றன. அந்தச் சுற்றலில் வானவெளியே நடுங்குகிறது. எல்லா நடுக்கமும் கலந்து, எல்லாப் பக்கமிருந்தும், மலையையும் மனுஷரையும் ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கிறது. எந்தத் தராசிலும் தெரியாத அளவு சின்னது.

பாவாயி கண் கொட்டாமல் கேட்டாள். சின்னுசாமி அவள் முகத்தையே பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் தன்னிடம் ஏன் என்று ஒன்றைக்கூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நட்சத்திரம் சுத்துறது இருக்கட்டும், களி கிண்டியாச்சா?" என்றான் அன்று மாலை. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் வேறு யாருக்கோ உரியதாக அவனுக்குப் பட்டது.

அடுத்த தடவை மிளகை அவனே சுமந்து அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறக்கி, வேறொரு வியாபாரிக்குப் போட்டான். இனி அப்பாஸ் அலி மலையேற வேண்டியதில்லை. பாவாயி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பான்.

ஒருநாள் அவள் பாறைமேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"அந்த நடுக்கம் தெரியுதா?" என்றான்.

"இல்லீங்க."

எழுந்து வந்து அதே கையை அவன் நெஞ்சில் வைத்தாள். "உங்க வழியாவுந்தான் போகுதாமுங்க."

வெயிலில் கிடந்த பாறையின் சூடு அவள் கையில் இருந்தது. அத்தோடு அவன் விட்டிருக்கலாம்.

"அவன் வழியாவும் போகுதா?"

"போகாமங்களா? எல்லாருக்கும் ஒண்ணாட்டந்தானுங்க."

அவள் கையைத் தட்டிவிட்டான்.

தை பிறந்ததும் பாவாயி திண்ணனூர் நாட்டிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. வேறு யாரோடும் வாழவுமில்லை. அப்பாஸ் அலி படித்து முடித்துப் பள்ளிக்கூட வாத்தியாரானான். அவளை மறுபடி பார்க்கவே இல்லை. சின்னுசாமி நாற்பத்துமூன்றாம் வருஷம் காய்ச்சலில் இறந்தான்.