கிளம்பும் முன்பே முடிந்த கிரிவலம்

0

(பூஜ்யத்தில் தொடங்குவது அச்சுப்பிழை அல்ல. கணினி அப்படித்தான் எண்ணும். பழகிக்கொள்ளுங்கள்.)

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு மாத இதழில் 'நிரல் எழுதக் கற்பவர்களுக்குப் பத்து அறிவுரைகள்' என்று கட்டுரை கேட்டார்கள். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று விளக்கச் சொன்னால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம், உடனே ஒப்புக்கொண்டேன். முதல் அறிவுரையை எழுதினேன்: 'கணினி நீங்கள் நினைத்ததைச் செய்யாது, நீங்கள் சொன்னதைத்தான் செய்யும்.' இதற்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமே என்று மெஹ்ஜபீன் என்ற பெண்ணை இரண்டு வரிக்கு மட்டும் அழைத்தேன். வந்தவள் உட்கார்ந்துவிட்டாள். மீதி ஒன்பது அறிவுரைகளும் வாசலில் நிற்கின்றன. ஒன்றிரண்டு இடையில் நுழையப் பார்க்கும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

1

தொடக்கம், முதல் முயற்சி: 'அண்ணாமலையின் மீது இளவெயில் படர்ந்தபோது மெஹ்ஜபீன் தன் மடிக்கணினியை—'

வேண்டாம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் மலைமேல் வெயிலை ஊற்றித்தான் தொடங்குகிறார்கள்.

இரண்டாம் முயற்சி: 'சிறுவயதிலிருந்தே மெஹ்ஜபீனுக்குக் கணினி என்றால்—'

பொய். சிறுவயதில் அவள் கணினியைப் பார்த்ததே இல்லை.

மூன்றாவது. மெஹ்ஜபீனுக்கு முப்பத்தாறு வயது. ஊருக்கு வெளியே வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடமாக வேலை. கூட்டம் இல்லாத மதியங்களில், கடைக் கணினியிலேயே, எட்டு மாதம் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். இன்று சனிக்கிழமை. ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருக்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் தன் நிரலை இயக்கிக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் திங்கட்கிழமை முதல் வேலை. பிடிக்காவிட்டால்? அவசரக்காரி, ஜெராக்ஸ் கடையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் நேற்றே சொல்லிவிட்டாள். அவரும் வேறு ஆளைச் சேர்த்துவிட்டார்.

(கொஞ்சம் கொடுமைதான். ஆனால் அவளுக்குத் திரும்பிப் போக வழி வைத்திருந்தால் நீங்கள் இரண்டாம் பகுதிக்கு வந்திருக்க மாட்டீர்கள்.)

2

நிரல் என்ன செய்யும்? பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர். குடும்பமாகக் கிளம்பி ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோவார்கள். நடப்பவரின் கைபேசியில் இந்த நிரல் இருந்தால், பாதையிலுள்ள எட்டு லிங்கங்களில் எதுவரை தாண்டியிருக்கிறார் என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டே வரும். அவர் கோபுரத்துக்குத் திரும்பியதும் முடிந்தது என்று அறிவித்துவிட்டு நின்றுவிடும்.

இதுவரை படித்துப் பார்த்த நண்பர் ராமகிருஷ்ணன், "மெஹ்ஜபீன் எதுக்குங்க கிரிவலத்துக்கு புரோகிராம் எழுதணும்? நம்பற மாதிரி இல்லயே" என்றார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவளையே கேட்டேன்.

"எங்க மாமனார் அன்வர் பாஷா கிரிவலப் பாதையில, அடி அண்ணாமலையில தண்ணி பாட்டில் கடை வெச்சிருக்காரு சார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி நானும் போய் நிப்பேன். தண்ணி கேக்கறவங்கள விட, 'எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா, வெள்ளை வேட்டி கட்டியிருப்பாரு'ன்னு கேக்கறவங்கதான் ஜாஸ்தி. அங்க பாதிப் பேரு வெள்ளை வேட்டி. உங்க ஃப்ரெண்டு ஒரு தடவ வந்து நின்னு பதில் சொல்லட்டும்."

இதை ராமகிருஷ்ணனிடம் நான் சொல்லவில்லை.

3

நிறுவனத்தை நடத்தும் அருண்பிரசாத் எதிரே உட்கார்ந்திருந்தார். முன்மேசையில் ஃபோன் எடுக்கும் சிந்துஜா வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். மெஹ்ஜபீன் கைபேசியில் 'கிளம்பு' என்ற பொத்தானைத் தொட்டாள்.

'கிரிவலம் நிறைவடைந்தது. வாழ்த்துகள்!'

"அடேங்கப்பா" என்றார் அருண்பிரசாத். "சேரை விட்டு எழுந்திரிக்கவே இல்ல, புண்ணியம் வந்துட்டுதே!"

மறுபடி தொட்டாள். மறுபடி வாழ்த்து.

"ரெண்டு சுத்து ஆச்சு" என்றாள் சிந்துஜா. "கால் வலிக்கலியாக்கா?"

"வேங்கிக்கால்ல நல்லா ஓடுச்சு சார். நேத்துகூடப் பாத்தேன்."

"நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வரேங்க. பத்து நிமிஷம். அதுக்குள்ள என்னன்னு பாருங்க" என்று அருண்பிரசாத் எழுந்தார்.

(கற்பவர்களுக்கு: சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் பயப்படாதீர்கள். எந்த வரியில் கோளாறு என்று அதுவே சொல்லிவிடும். அதைவிட நல்ல நண்பன் கிடையாது. கோளாறை வைத்துக்கொண்டு சிரித்த முகமாக வாழ்த்துகிற நிரலுக்குத்தான் பயப்பட வேண்டும்.)

4

தவறு எங்கே என்று எனக்குத் தெரியும். வைத்தவன் நான்தானே. ஆனால் சொல்லித்தரப் போவதில்லை. நிரல் தெரியாத ஒருவருக்கு வரி வரியாக விளக்கிப் பாருங்கள், தவறு தானே கண்ணில் படும் என்பது வாசலில் நிற்கும் அறிவுரைகளில் ஒன்று. அதை உள்ளே விட்டேன்.

"அப்படி என்னதான்கா எழுதியிருக்கீங்க?" என்றாள் சிந்துஜா.

"கோபுரத்துக்கு வர்ற வரைக்கும் நடந்துகிட்டே இரு. ஒவ்வொரு அடிக்கும் முன்னாடி, கோபுரத்துக்கு வந்தாச்சான்னு பாரு. வந்துட்டா வாழ்த்து சொல்லி நிறுத்து."

"சரியாத்தான இருக்கு."

"இரும்மா. கிளம்பற இடம் எது?"

"கோபுரம்."

"முடியற இடம்?"

"கோபுரம். வேற எங்க, பஸ் ஸ்டாண்டா?"

மெஹ்ஜபீன் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வானம் தெரியாமல் ராஜகோபுரம் நின்றது.

(எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். வேங்கிக்காலில் உட்கார்ந்து சோதித்தவரை கோபுரம் தூரத்தில் இருந்தது. நிரல் சமர்த்தாகக் காத்திருந்தது. கோபுரத்தடியில் வைத்துத் தொட்டதும், 'வந்தாச்சா?' என்று முதல் அடிக்கு முன்பே கேட்டது. வந்தாச்சு! அது சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஊருக்குப் புதியவர் எழுதியிருந்தால் கிளம்பும் இடத்தையும் முடியும் இடத்தையும் தனித்தனியாக யோசித்திருப்பார். இரண்டும் ஒன்றுதான் என்று பிறந்ததிலிருந்தே தெரிந்தவள் செய்கிற தவறு இது.)

5

திருத்தத்தை மட்டும் ஆசை தாங்காமல் நானே எழுதிக்கொடுத்தேன். 'முதலில் ஓர் அடி நட. பிறகு கேள்.' பாடப்புத்தகங்கள் சொல்லும் அதே தீர்வு. கச்சிதம். திருப்தியோடு அடுத்த பகுதிக்குப் போகலாம் என்று—

"சார்."

"என்னம்மா?"

"ஒரு அடி வெச்சா கோபுரத்தத் தாண்டிடுவாங்களா? நூறு மீட்டருக்குள்ள இருந்தாலே கோபுரம்னுதான் எழுதி வெச்சிருக்கேன். பௌர்ணமி கூட்டத்துல அந்த நூறு மீட்டர் நகரவே அரை மணி ஆவும். உங்க புரோகிராம் ரெண்டாவது அடியிலயே வாழ்த்து சொல்லும். நீங்க கிரிவலம் போனதே இல்லயா?"

(போயிருக்கிறேன். பைக்கில்.)

என் வரியை அழித்துவிட்டு அவளே எழுதினாள். எட்டு லிங்கங்களையும் தாண்டிய பிறகுதான் கோபுரம் என்ற பேச்சையே எடுக்க வேண்டும். அதுவரை கோபுரத்தடியிலேயே நின்றாலும் வாயைத் திறக்கக்கூடாது. ஏழு நிமிடம் ஆனது.

6

அருண்பிரசாத் வந்தார். நடந்து பார்க்க நேரமில்லாததால், பாதையிலுள்ள இடங்களை வரிசையாக நிரலுக்கு ஊட்டிச் சோதித்தார். இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டியது. எட்டும் முடிந்து, கோபுரம் வந்த பிறகு, ஒரே ஒரு முறை வாழ்த்தியது.

அவர் விடவில்லை. "ஒருத்தர் நடுவுல ஆட்டோ புடிச்சிட்டாருன்னு வைங்க. எட்டு லிங்கமும் தாண்டிடும். நடந்தவருக்கும் வாழ்த்து, ஆட்டோவுல வந்தவருக்கும் வாழ்த்து. தப்பில்லயா?"

இதற்கு நான் மூன்று பதில்கள் எழுதினேன். ஒன்று: 'வேகத்தை அளந்து பிடித்துவிடலாம் சார்.' கெட்டிக்காரப் பதில். அது என் குரல். இரண்டு: கண்கலங்குகிறாள். எழுதி முடிப்பதற்குள் மெஹ்ஜபீன் என்னை ஒரு பார்வை பார்த்தாள்; அழித்துவிட்டேன். மூன்று, அவளே சொன்னது:

"புடிக்கட்டும் சார். கால் வலிச்சிருக்கும். நடந்தாரா இல்லயான்னு சாமி பாத்துக்கும். ஆளு எங்க இருக்காருன்னு வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரியணும். நான் அதுக்குத்தான் எழுதினேன்."

அருண்பிரசாத் பேசவில்லை. அவர் என்ன நினைக்கிறார் என்று நான் எழுதவில்லை, அதனால்தான். வேலை கொடுத்து ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். நான் சிபாரிசு பண்ணியது போல இருந்தது. மறுத்து இன்னொன்று எழுதினேன். அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. தீர்ப்புச் சொல்கிற தகுதி போய்விட்டது.

ஆகவே அருண்பிரசாத்தை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டேன். நாற்காலி காலி. வாருங்கள், உட்காருங்கள். அவள் இப்போது உங்களைத்தான் பார்க்கிறாள்.

"சார்... இல்ல, மேடமா? யாரா இருந்தாலும் சரி. யோசிக்கணும்னா யோசிங்க. ஆனா சுத்தி வளைக்காம சொல்லிடுங்க. திங்கட்கிழமை காலையில நான் டிபன் பாக்ஸ் கட்டணுமா, வேணாமா?"