ரெண்டும் மயங்கிப்போயி

கரமனை அக்ரஹாரத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். ஒரு குழந்தை அழுதால் பக்கத்து வீட்டுக்குத் தூக்கம் போகும். இரட்டைக் குழந்தைகள் அழுதால் தெருவுக்கே போகும். அப்படியும் ஜானவியைப் பார்க்கிற எல்லாரும், ரெட்டைப் பாக்கியம் என்றுதான் சொன்னார்கள். அந்தப் பாக்கியத்தில் ஒன்றைக் கொஞ்ச நேரம் தூக்கிக்கொள்ளுங்களேன் என்றால் மட்டும் ஒருத்தருக்கும் கை ஒழியாது.

ஜானவி மன்னார்குடிப் பெண், கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்தவள். அவள் கணவன் மஹேஷ் பிறந்ததும் வளர்ந்ததும் இதே தெருவில். டெக்னோபார்க்கில் வேலை. பெண் மைதிலி, பிள்ளை முகுந்த். ஒன்று கண்ணசந்தால் மற்றொன்று விழித்துக்கொள்ளும். இரண்டும் தங்களுக்குள் ஷிஃப்ட் பேசிக்கொண்டு அவளை வதைக்கின்றன என்று ஜானவி தீர்மானமாக நம்பினாள். மாமியார், பெண்ணின் பிரசவத்துக்கென்று பூனா போனவர் இன்னும் திரும்பவில்லை. அம்மா வந்து இருந்தாள். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று போன் வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் ஜானவி குழந்தைகள் இரண்டையும் தொட்டிலில் போட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை. நன்றாக இருந்தது. இந்தக் குழாயை மூடவே வேண்டாம் என்று தோன்றியது. தோன்றியதை அப்படியே மஹேஷிடம் சொன்னாள். அவன் முகம் வெளிறிப்போனது. அன்றிலிருந்துதான் குழந்தைகள் இல்லாமல் இருவரும் எங்கேயாவது போய்வருவது என்ற பேச்சு ஆரம்பித்தது. உல்லாசத்துக்கு இல்லை, அவளுக்கு அது மருந்து என்று மஹேஷுக்குப் புரிந்திருந்தது.

ஆனால் போனால்தானே. முதல் தடவை முகுந்துக்கு ஜுரம். அடுத்த தடவை, பார்த்துக்கொள்ள வந்திருந்த அம்மாள் தொட்டிலை எட்டிப் பார்த்து, ஒண்ணுன்னுதானே சொன்னாங்க என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இன்னொரு தடவை கரமனைப் பாலம் வரைக்கும் போனார்கள். அங்கே, குழந்தைகளோடு விட்டுவந்த ஆளிடமிருந்து போன் வந்தது. மைதிலி பால் குடிக்காமல் கத்துகிறாளாம். ஸ்கூட்டர் பாலத்திலேயே திரும்பியது.

பிறகுதான் வித்துராவிலிருந்து ஜினு வந்தாள். ஒல்லியாக, அதிகம் பேசாத மலையாளப் பெண். காலையில் பஸ்ஸில் வந்து இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாள். ஒன்றை மடியிலும் ஒன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டு, ஏதோ ஒரே ராகத்தை முனகியபடி நடப்பாள். இரண்டும் ஒரே சமயத்தில் தூங்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது ஜானவி சமையலறையில் போய் நின்று அழுதாள். இவள் போய்விட்டால் நான் அவ்வளவுதான் என்று மஹேஷிடம் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஜினு ஞாயிற்றுக்கிழமைகளிலும் மத்தியானம் வர ஒப்புக்கொண்டாள். முதல் ஞாயிறு சங்குமுகம் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. ஜானவி பீரோவிலிருந்து ஒரு புடவையை எடுத்தாள். பால் வாடை இல்லாத புடவை. காதில் ஜிமிக்கி போட்டாள். பிஞ்சு விரல்கள் பிடித்து இழுக்கும் என்று மாதக்கணக்கில் போடாமல் இருந்த ஜிமிக்கி.

கடற்கரையில் அவள் மடி காலியாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மஹேஷ் ஏதோ அலுவலகக் கதை சொன்னான். அவள் சிரித்தாள். முழுக் கதையும் கேட்டு, கடைசியில் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். அதற்கே அவளுக்குக் கண் கலங்கியது. அவன் டீ வாங்கிவர எழுந்தபோது, போன் பண்ணாதே ஜானு, கொழப்பமில்லை, அவ பாத்துப்பா என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவன் தலை மறைந்ததும் போன் பண்ணினாள்.

ஜினு உடனே எடுத்தாள். குரல் கிசுகிசுவென்று, மூச்சு மாதிரி வந்தது.

"ரெண்டும் மயங்கிப்போயி, சேச்சி."

லைன் கட்டானது. ஜானவி திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

ஜானவிக்கு மலையாளம் தெரியாது என்று சொல்ல முடியாது. காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிற அளவுக்குத் தெரியும். குழந்தை தூங்கினால் ஜினு எப்போதும் உறங்கி என்றுதான் சொல்வாள். அது அவளுக்குப் பழக்கம். மயங்கிப்போவது என்றால் ஜானவிக்கு ஒரே அர்த்தம்தான். வேறொன்றையும் யோசிக்க அவளிடம் புத்தி மிச்சமில்லை.

ஸ்கூட்டர் சாவி அவள் பையில் இருந்தது. மஹேஷ் டீயோடு வந்து பார்ப்பான், தேடுவான் என்பதெல்லாம் அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. கிழக்கேகோட்டை நெரிசலில் பஸ்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போனாள். வாய் ஓயாமல் பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இனிமேல் வாசப்படி தாண்ட மாட்டேன், எங்கேயும் கேட்க மாட்டேன், ரெண்டையும் எனக்குக் குடுத்துடு என்று வேண்டிக்கொண்டே வந்தாள்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடினாள். அந்த வீட்டுக்குள் செருப்போடு யாரும் நுழைந்ததில்லை. ஜினு உதட்டில் விரலை வைத்துக்கொண்டு எதிரே வந்தாள். ஜானவி அவளைத் தள்ளிவிட்டுப் போய் மைதிலியைத் தூக்கி உலுக்கினாள். குழந்தையின் தலை ஒரு பக்கம் தொய்ந்தது. தூங்குகிற குழந்தைக்கு அப்படித்தான் தொய்யும். ஜானவி அதை எத்தனையோ முறை பார்த்தவள்தான்.

"என்ன மருந்து குடுத்தே?" என்று ஜினுவைப் பார்த்துக் கத்தினாள். "என்ன மருந்து குடுத்தே என் குழந்தைகளுக்கு?"

மருந்து என்கிற வார்த்தை மட்டும் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான். அது ஜினுவுக்குத் தப்பில்லாமல் புரிந்தது.

ஜினு பதில் சொல்வதற்குள் ஜானவி அவளுடைய பையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். குடை விழுந்தது. சாப்பாட்டு டப்பா விழுந்து மூடி உருண்டு கட்டிலுக்கடியில் போனது. ஒரு சீப்பு, மடித்த சுரிதார் துப்பட்டா. மருந்து ஒன்றும் இல்லை. அந்தச் சத்தத்தில் மைதிலி விழித்து வீறிட்டாள். அவள் குரல் கேட்டு முகுந்தும் எழுந்துகொண்டான். உயிர் நிறைந்த, தெருவையே எழுப்புகிற அழுகை. ஜானவி குழந்தையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஜினு முதலில் முகுந்தை எடுத்தாள். பிறகு ஜானவியின் கையிலிருந்து மைதிலியை எடுத்தாள். அதே ராகத்தை முனகிக்கொண்டு நடந்தாள். நடந்தபடியே, சத்தம் போடாமல் சொன்னாள். மயங்கி என்று சொன்னால் கண்ணசந்துவிட்டது என்று அர்த்தம். நல்ல தூக்கம் இல்லை, இப்போதுதான் கண்ணை மூடியிருக்கின்றன, அதனால்தான் அப்படிச் சொன்னேன். மணி அடித்தால் எழுந்துகொள்ளும் என்று போனைச் சத்தமில்லாமல் வைத்தேன். அவ்வளவே சொன்னாள்.

ஜானவி சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. நான் ஒரு பைத்தியம், மன்னிச்சுடு ஜினு, தெரியாம கேட்டுட்டேன் என்று தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிச் சொன்னாள். சிதறிக் கிடந்ததையெல்லாம் பொறுக்கிப் பையில் வைத்தாள். டப்பா மூடிக்காகக் கட்டிலுக்கடியில் தவழ்ந்தாள். அடுத்த ஞாயிறு வருவேதானே என்று கேட்டாள். ஜினு குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். பதில் சொல்லவில்லை. மறுக்கவில்லை என்பதையே ஜானவி சம்மதமாக எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்டு பீரோவில் தலையைச் சாய்த்தாள். அந்த முனகல் அவளையும் சேர்த்துத் தூங்கவைத்தது.

மஹேஷ் இதற்குள் கடற்கரை முழுக்கத் தேடி, ஸ்கூட்டரையும் காணாமல், ஆட்டோ பிடித்திருந்தான். அவன் அடித்த அழைப்பு எதையும் ஜானவி எடுக்கவில்லை. கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில் நெரிசலில் ஆட்டோ நின்றபோது ஜினுவே கூப்பிட்டாள்.

"சாரே, சேச்சி மயங்கிப்போயி."

மஹேஷ் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். நண்பர்களோடு சண்டை போடுவதும் மலையாளத்தில்தான். அந்த வார்த்தையின் அர்த்தம் அவனுக்குத் தெரியாததில்லை. அப்படியும் ஆட்டோவை விட்டு இறங்கி, தெரு வரைக்கும் ஓடியே வந்தான். குழாயைத் திறந்துவிட்டு நின்றவள்தான் அவன் கண்ணுக்குள் இருந்தாள்.

வாசலில் ஜினு பையோடு நின்றிருந்தாள். உள்ளே மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜானவி பீரோவில் சாய்ந்தபடி, வாயைத் திறந்துகொண்டு, ஒரு காதில் ஜிமிக்கி முறுக்கிக்கொண்டு கிடந்தாள். நடந்ததையெல்லாம் ஜினு அவனிடம் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. முன்பு வேலை பார்த்த வீட்டிலும் இதே மருந்துப் பேச்சு வந்ததாகவும், அங்கே போலீஸ் வரைக்கும் போனதாகவும் சொன்னாள். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லையாம். மஹேஷ் கை கூப்பினான். அவள் அதைப் பார்க்காத மாதிரி குடையை விரித்தாள்.

"ஞான் இனி வரில்ல, சாரே. சேச்சியெ உணர்த்தண்டா."

எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். தமிழ்க் காதால் கேட்டால், தெரியப்படுத்த வேண்டாம் என்று ஆகும். மஹேஷ் இரண்டு பாஷையிலும் அதற்குக் கட்டுப்பட்டான். அன்றைக்கு ஜானவியை எழுப்பவில்லை. மறுநாள் ஜினுவுக்கு ஜுரமாம் என்றான். அதற்கடுத்த நாள் அவள் ஊரில் ஏதோ விசேஷம் என்றான். அலுவலகத்துக்கு லீவு போட்டுத் தானே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டான். வேறு ஆள் தேடி எங்கெங்கோ ரகசியமாகப் போன் பண்ணினான். இரட்டை என்றதும் எல்லாரும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஜானவி இத்தனைக்கும் சந்தோஷமாக இருந்தாள். ஞாயிறு வருகிறதே என்று பொறுத்துக்கொண்டாள். இந்தத் தடவை போனே எடுத்துண்டு போப்போறதில்லை என்று அவனிடம் இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அதே புடவையைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கட்டி, ஜிமிக்கியும் போட்டுக்கொண்டாள். பால் புட்டிகளைக் கொதிக்கவைத்து அடுக்கினாள். ஜினுவுக்கென்று புதிதாக ஒரு சாப்பாட்டு டப்பா வாங்கி வைத்திருந்தாள். வாசலுக்குப் போய்ச் செருப்பையும் மாட்டிக்கொண்டு, தெருமுனையைப் பார்த்தபடி நின்றாள். வெயில் எதிர்வீட்டுச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது.

மஹேஷ் பின்னால் வந்து நின்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அவ வரமாட்டா ஜானு, அன்னிக்கே சொல்லிட்டா என்றான்.

ஜானவி திரும்பவில்லை. "என்ன சொன்னா? அவ சொன்னபடியே சொல்லு."

சொன்னான்.

"உணர்த்தண்டான்னா," என்று அவன் விளக்க வந்தான்.

"எனக்கு அர்த்தம் தெரியும், மஹேஷ்."

உள்ளே முகுந்த் சிணுங்கினான். அவனைத் தொடர்ந்து மைதிலியும். ஜானவி ஜிமிக்கிகளைக் கழற்றி மஹேஷின் கையில் வைத்துவிட்டு, செருப்போடு உள்ளே போனாள்.