வரப்பில் இருபது அடி

1972 மாசி மாதத்தில் ஒரு நாள் காலை, செகண்ட் லெப்டினன்ட் தேவபிரசாதம் நாசரேத்திலிருந்து பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வந்தான். வாத்தியார் வீட்டுப் பிள்ளை. வயது இருபத்து மூன்று. போர் முடிந்து கிடைத்த முதல் விடுப்பு. கடற்கரைத் தெருவில் சிப்பாய் சிலுவையின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனான்.

சிலுவை உள்ளறையில் கட்டிலில் இருந்தான். இடது கால் முழங்காலோடு போயிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மாதம் ஆகியும் வாசல் தாண்டவில்லை. ஊன்றுகோல்கள் சுவரில் சாத்தியபடியே இருந்தன. அதிகாரியைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். தேவபிரசாதம் தோளைப் பிடித்து உட்காரவைத்தான்.

சிலுவையின் அம்மா மதலேனம்மாள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"கால் எப்படிப் போச்சுன்னு கேட்டா இவன் வாயே தொறக்க மாட்டேங்கான், ஐயா. நீங்களாவது சொல்லுங்க."

"அதைச் சொல்லத்தான் வந்தேன், அம்மா" என்றான் தேவபிரசாதம். "என்னாலதான் போச்சு."

காப்பியைத் தொடாமல் சொன்னான். கிழக்கு எல்லையைத் தாண்டி, காட்டுக்குள் எதிரியின் முதுகுப்புறம் சிலுவை உட்படப் பதினோரு பேரோடு மூன்று தடவை போயிருந்தான். முதல் தடவை ஒரு பாலத்தைத் தகர்த்தார்கள். இரண்டாம் தடவை டெலிபோன் கம்பியை அறுத்தார்கள். மூன்றாவது, அகதிகள் முகாம் மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்த இரண்டு மோர்ட்டார் பீரங்கிகள். அவற்றை அழித்துவிட்டுத் திரும்பும்போது, ஓடை வழியாகப் போகலாம் என்றார் ஹவில்தார். அது சுற்று வழி. வயல் வரப்பு வழியாகப் போவோம் என்றான் இவன். வரப்பில் கண்ணிவெடி இருந்தது.

"பதக்கத்துக்கு என் பேரை எழுதியிருக்காங்க. வேண்டாம்னு எழுதிப் போடப்போறேன். அதுக்கு முன்னால உங்க முகத்தைப் பாத்துச் சொல்லணும்னு வந்தேன்."

மதலேனம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அம்மா, சாரு பாதிதான் சொல்லுதாரு" என்றான் சிலுவை. "மீதிய நான் சொல்லுதேன்.

"ரெண்டு நாளு மூங்கில் புதருக்குள்ள படுத்துக் கெடந்தோம். மேலெல்லாம் அட்டை. 'ராத்திரிதான் வருவோம்னு நெனச்சிட்டிருக்கான். மத்தியானம் அவன் சோறு திங்கையில போவோம்'னாரு சாரு. சொன்னவரு பின்னால நிக்கல. முதல்ல எந்திரிச்சு ஓடுனது இவருதான். மோர்ட்டார் குழாய்க்குள்ள தன் கையாலயே கிரனேடைப் போட்டாரு. எங்கள்ல ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்ல.

"பெறகுதான் வெடிச்சுது. வரப்புல இருபது அடி முன்னால நான் கெடக்கேன். பின்னால இருந்து எதிரி சுடுதான். ஹவில்தார், 'போகாதீங்க சார், இன்னும் எத்தனை புதைச்சிருக்கானோ'ங்காரு. இவரு மத்தவங்கள ஓடைக்கு அனுப்பிட்டு, குப்புறப் படுத்து, பேனெட்டுக் கத்தியால மண்ணைக் குத்திக் குத்திப் பாத்துக்கிட்டே எங்கிட்ட வந்தாரு. வழியில ஒரு வெடி தட்டுப்பட்டுது. அதை ஒதுங்கிக்கிட்டு வந்தாரு. பெல்ட்டைக் கழத்தி என் தொடையில இறுக்கிக் கட்டி முதுகுல ஏத்திக்கிட்டாரு. எல்லைக்கு வந்து சேர மூணு மணி நேரம். எனக்குக் கண்ணு சொருகும்போதெல்லாம், 'ஏலே சிலுவை, உங்க ஊருல இப்ப என்ன மீன் படும்?'னு கேப்பாரு. நான் சீலா, பாறை, ஊளின்னு சொல்லிக்கிட்டே வந்தேன்."

மூச்சு வாங்க நிறுத்திவிட்டு அதிகாரியைப் பார்த்தான்.

"அந்த வழியில போனது தப்பா இருக்கலாம் சார். எனக்குத் தெரியாது. ஆனா வேண்டாம்னு நீங்க எழுதினா, என்னைத் தூக்கிட்டு வந்ததும் தப்புன்னு எழுதுன மாதிரி."

தேவபிரசாதம் தலையைக் குனிந்துகொண்டான். தோள்கள் குலுங்கின. மதலேனம்மாள் கிட்டப் போய் அவன் முதுகைத் தடவினாள்.

"இந்த முதுகுலயா என் பிள்ளையைச் சொமந்தீரு, தம்பி?" என்றாள். பிறகு அடுப்படிக்குள் போய் மீன் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். தேவபிரசாதம் மூன்று தடவை குழம்பு வாங்கினான்.

சாயங்காலம், "பதக்கம் வேண்டாம்னு எழுத மாட்டேன், சிலுவை" என்று சொல்லி அவன் கிளம்பியபோது, சிலுவை ஊன்றுகோல்களை எடுத்தான்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாரேன், சார்."

மதலேனம்மாள் வாசல் கதவை அகலத் திறந்துவிட்டாள். தெருமுனையில் வலைக்காரர்கள் எழுந்து வழிவிட்டார்கள். புதுத் துறைமுக வேலையில் மேஸ்திரியாக இருந்த ரோச் சைக்கிளை நிறுத்தினார்.

"ஏலே, வெளியே வந்துட்டியா! எங்க ஆபீசுல டெலிபோன் பாக்க ஆள் தேடுதோம். செய்வியா?"

சிலுவை நெற்றி வேர்வையைத் துடைத்தான். "எந்திரிச்சு ஓடச் சொல்ல மாட்டீங்களே, அண்ணாச்சி?"

ரோச் சிரித்துவிட்டார். "திங்கக்கிழமை வா. லாரியில ஏத்திட்டுப் போறேன்."

"வாரேன்" என்றான் சிலுவை.

பஸ் ஸ்டாண்டு இன்னும் தூரம் இருந்தது. தேவபிரசாதம் நடையைக் குறைத்துக்கொண்டான். பேச்சு மறுபடி மீனுக்குத் திரும்பியது.