சேமித்தால் தெரிகிறவன்

'கண்ணாடி' வந்து கணினிமுன் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, பக்கங்களைப் பார்ப்பதற்கு அவள் வைத்திருந்த பழைய மென்பொருளைத் தூக்கிக் கடாசினார்.

"இத்தனை வருஷமா இதை வச்சுக்கிட்டா குப்பை கொட்டுனீங்க? ஒரு கமா மாத்துனாக்கூட மூடணும், மறுபடி திறக்கணும், முதல் பக்கத்துலேர்ந்து தேடிக்கிட்டு வரணும். நானா இருந்தா சன்னியாசம் வாங்கியிருப்பேன் தாயே."

"வாங்கிக்குங்க, யாரு தடுத்தா? இதை முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

கணினிப் பிரிவில் இருபது வருடமாகக் கிடக்கிற மனிதர். சோடாபுட்டி மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் அலுவலகம் முழுக்க அவருக்குக் 'கண்ணாடி' என்றே பெயர். அவள், லிஃப்ட் செய்யும் அந்தக் கம்பெனியில் மெக்கானிக்குகளுக்கான கையேடு எழுதுகிறவள். இடப்பக்கத் திரையில் எழுதுவாள். அச்சில் எப்படி வரும் என்று வலப்பக்கத் திரை காட்டும். இனிமேல் அவள் சேமித்தால் போதும். கோப்பு மாறியதை வலப்பக்கத் திரை தானே மோப்பம் பிடித்து, அதே பக்கத்தைப் புதிதாகக் காட்டிவிடும்.

"நடுவுல அரை செகண்டு கறுப்பாகும். பழசை எடுத்துட்டுப் புதுசைப் போடற நேரம். பயந்துடாதீங்க."

"கறுப்புக்குப் பயப்படற வயசா எனக்கு?"

அவர் போனதும் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தாள். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கிச் சுத்தம் செய்வது எப்படி என்று சொல்லும் பக்கம் அது.

ஒரு வேலைக்கு ஒரு பக்கம்தான் என்பது அங்கே எழுதாத சட்டம். மெக்கானிக் அந்த ஒரு தாளை அட்டையில் செருகிக்கொண்டு வேலைக்குப் போவான். இரண்டு வருடத்துக்கு முன்பு மூன்றாம் பதிப்பு போட்டபோது படம் பெரிதாகி, ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்துவிட்டது. எதையாவது வெட்டிவிட்டு, மூடி, திறந்து, தேடிப் பார்ப்பாள். வரி இன்னும் வழிந்துகொண்டுதான் இருக்கும். ஏழாவது தடவையில் பொறுமை போயிற்று. 'குழியில் இறங்குமுன் மேலே உள்ள மின்சுவிட்சை அணைத்துப் பூட்டவும்.' இது யாருக்குத்தான் தெரியாது என்று அந்த வரியையே தூக்கிவிட்டாள். சரிபார்க்கிறவர் படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தெரியாத ஒருவன் இருந்தான். போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவன். தாளில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்து, படித்ததைச் செய்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவான். கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்குப் 'பாராயணம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். போன மாதம் அந்தத் தாளில் இருந்த பதினொரு வரிகளையும் அவன் அச்சுப்பிசகாமல் செய்தான். மேலே சுவிட்ச் அணைக்கப்படவில்லை. நாலாவது மாடியில் லிஃப்டில் ஏறிய யாரோ கீழே வரப் பொத்தானை அழுத்தினார்கள்.

நாளைக்கு விசாரணை. காலையில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

"நாலாம் பதிப்புன்னு போடுங்க. அந்த வரியைச் சேர்த்துடுங்க. தேதி மட்டும் போன வருஷம் மார்ச். பழைய தாளை வச்சுக்கிட்டு இறங்குனது அந்தாளு தப்புன்னு ஆயிடும். உங்களுக்கும் இது நல்லதுதானே?"

அதைக் கேட்டபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரிதான் இருந்தது.

இப்போது அந்த வரியைத் தட்டச்சு செய்து சேமித்தாள். வலப்பக்கத் திரை கறுத்தது. கறுத்த திரையில் அவள் முகம், நாற்காலியின் முதுகு, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் தெரிந்தன. பின்னால் வாசலில் மெக்கானிக்குகளின் நீல உடுப்பில் ஒருவன் நின்றான். பக்கம் வந்ததும் எல்லாம் மறைந்தது.

திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு, வெளியே நடைவழி, குடிதண்ணீர் எந்திரத்தின் உறுமல். பகல் பதினொன்றரை மணி.

கடைசி வரி மறுபடி அடுத்த பக்கத்துக்கு வழிந்திருந்தது. படத்தை ஒரு விரல்கடை குறுக்கினாள். வழிந்த வரிக்கு இடம் கிடைத்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா? அன்றைக்கும் இவ்வளவுதானா? சேமித்தாள். கறுப்பு. அவன் இப்போது அலமாரிப் பக்கத்தில் நின்றான்.

கையேட்டின் முகப்பு அட்டைக்குப் போய்த் தேதியைப் போன வருட மார்ச்சாக மாற்றினாள். விரல் சேமிக்கும் பொத்தான்மேல் கொஞ்ச நேரம் நின்றது. அழுத்தினாள். அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்திருந்தான். ஒரு விரலைத் திரையை நோக்கி நீட்டியிருந்தான். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கிரீஸ் வாடை அடித்தது.

கண்ணாடிக்குப் போன் போட்டாள். "அந்தக் கறுப்பை வெள்ளையாக்க முடியுமா?"

அவர் வந்து வெள்ளையாக்கிவிட்டுப் போனார். சேமித்தாள். வெள்ளையில் எதுவும் பிரதிபலிக்கவில்லை. ஆனால் அவன் எங்கே நிற்கிறான் என்பதும் இப்போது தெரியவில்லை. மறுபடி போன் போட்டாள்.

"கறுப்பு வேணாம், வெள்ளை வேணும். வெள்ளை வேணாம், கறுப்பு வேணும். நான் என்ன துணிக்கடையா நடத்தறேன்?" என்றபடியே வந்து, மறுபடி கறுப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் பொய்த் தேதியை அழித்து, இன்றைய தேதியைப் போட்டாள். கையேட்டின் கடைசியில் திருத்தங்களைப் பதியும் பட்டியல் உண்டு; யாரும் படிப்பதில்லை. அதில் எழுதினாள்: 'பக்கம் 47. இறங்குமுன் சுவிட்சை அணைத்துப் பூட்டச் சொல்லும் வரி மூன்றாம் பதிப்பில் நீக்கப்பட்டது. காரணம், இடமில்லை.' நீக்கியவர் என்ற இடத்தில் தன் பணியாளர் எண்ணைப் போட்டுச் சேமித்தாள்.

கறுப்பு. அவன் போகவில்லை. அவன் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். மன்னிக்க வந்தவன் மாதிரி தெரியவில்லை.

நாற்பத்தேழாம் பக்கத்தையும் பட்டியலையும் அச்செடுத்தாள். மேனேஜர் அறையைத் தாண்டி, படியிறங்கிப் பட்டறைக்குப் போனாள். செத்தவனுடைய அண்ணன் அங்கேதான் மெக்கானிக். ஒரு கதவு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"என்னக்கா, மேலேயிருந்து இறங்கி வந்திருக்கீங்க? அதிசயமா இருக்கு."

"உன் தம்பி விஷயமா."

"எல்லாரும் சொல்லிட்டாங்கக்கா. அவசரக்குடுக்கை, சுவிட்சை அணைக்க மறந்துட்டான்னு."

"அவன் மறக்கலை. அந்த வரி தாள்லயே இல்லை. நான்தான் எடுத்தேன்."

அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். "ஏன்?"

"பக்கத்துல இடம் இல்லை."

தாளை வாங்கினான். எண்ணெய்க் கையின் தடம் ஓரத்தில் பதிந்தது. ஒருமுறை படித்தான், பிறகு இன்னொரு முறை.

"ஒரு வரிக்கா?"

"ஒரு வரிக்குத்தான்."

கத்துவான் என்று நின்றாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவன் தாளை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"விசாரணை நாளைக்குத்தானே. அதுக்கு முன்னாடி வீட்டுக்கு வாங்க. எங்கம்மா ஒரு மாசமா அவனைத்தான் திட்டிக்கிட்டிருக்காங்க. கவனமில்லாத கழுதை, கவனமில்லாத கழுதைன்னு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. எழுதுன ஆளு நீங்க, நீங்களே வந்து சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பவே."

அவன் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தான். நகக்கண்ணில் இருந்த அழுக்கு லேசில் போகவில்லை. அவள் தாளோடு நின்றாள்.